மலையில் விழுந்த விமானங்கள், வீடு திரும்பாத வீரர்கள்: தேடப் போகும் தன்னார்வலர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அசாமின் சாபுவா, தின்ஜான், மோகன்பாரி விமானத் தளங்களிலிருந்து சீனாவின் குன்மிங் நகருக்கு 1942 முதல் 1945 வரை இரவும் பகலும் சரக்கு விமானங்கள் பறந்தன. ஜப்பானியர் பர்மாவைப் பிடித்து, தரைவழிச் சாலையை அடைத்துவிட்டதால் பெட்ரோல், வெடிமருந்து, லாரி உதிரிப் பாகம் என எல்லாமே இமயத்தின் கிழக்கு முனையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அந்த மலைத்தொடருக்கு விமானிகள் வைத்த பெயர் 'ஹம்ப்'. அந்த வழியில் ஏறத்தாழ 600 விமானங்கள் விழுந்தன. எதிரி சுட்டு விழுந்தவை குறைவு. பனி உறைந்த இறக்கை, திடீர்ப் புயல், மேகத்துக்குள் மறைந்த சிகரம் ஆகியவைதான் பெரும்பாலானவற்றை வீழ்த்தின. இந்திய மண்ணில் மட்டும் சுமார் 400 அமெரிக்கர்கள் இன்னும் கண்டெடுக்கப்படாமல் இருப்பதாகக் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் அருணாச்சலக் காடுகளில் கிடக்கிறார்கள்.

உலகளவில் பார்த்தால் இரண்டாம் உலகப் போரில் காணாமல் போய் இன்றுவரை கணக்கில் வராத அமெரிக்கர் மட்டும் சுமார் 72,000 பேர். இது எல்லாப் படைகளையும் சேர்த்த எண்ணிக்கை. லண்டனுக்கு அருகே ரன்னிமீட் நினைவிடத்தில், கல்லறை இல்லாத விமானப்படையினரின் பெயர்கள் 20,000க்கும் மேல் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியா, பர்மா, மலாயா வானத்தில் மறைந்த காமன்வெல்த் விமானப்படையினருக்குச் சிங்கப்பூரின் கிராஞ்சியில் பெயர்ச்சுவர் இருக்கிறது. அதில் இந்திய விமானப்படையினரின் பெயர்களும் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் தமிழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இவர்களைத் தேடுவதில் அரசு அமைப்புகளுக்குச் சமமாகத் தனி மனிதர்களும் உழைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த கிளேட்டன் கூல்ஸ் தன் சொந்த முயற்சியில் அருணாச்சலத்திலும் பர்மாவிலும் 20க்கும் மேற்பட்ட விமானச் சிதைவுகளைக் கண்டுபிடித்தார். பாட் ஸ்கானன் 1993ல் பசிபிக்கின் பலாவ் தீவுகளில் ஒரு விமான இறக்கையைப் பார்த்ததில் தொடங்கிய தேடல், இன்று 'பிராஜெக்ட் ரெகவர்' என்ற அமைப்பாக வளர்ந்திருக்கிறது. மலேசியாவிலும் நெதர்லாந்திலும் உள்ளூர் ஆர்வலர்கள் பல பத்தாண்டுகளாக இதைச் செய்துவருகிறார்கள்.

இதில் இறங்க விரும்புபவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விதி. இதை ஏற்க முடியாதவர் இந்த வேலைக்கு வர வேண்டாம். தன்னார்வலரின் வேலை தேடுவதும், பதிவு செய்வதும், உரியவரிடம் ஒப்படைப்பதும்தான். எலும்பை எடுப்பது நம் வேலை கிடையாது. இதற்கான காரணங்களைப் பின்னால் விளக்குகிறேன்.

1. யாரைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

'ஏதாவது ஒரு விமானம் கிடைக்குமா' என்று காட்டுக்குள் போவது மலையேற்றம். அதைத் தேடல் என்று சொல்ல முடியாது. ஒரு பெயரிலிருந்தோ ஒரு விமானத்திலிருந்தோ தொடங்குங்கள். அந்த மனிதர் எந்த நாட்டுப் படை என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். அதைப் பொறுத்து கோப்பு இருக்கும் இடம், பொறுப்பான அமைப்பு, எலும்பு கிடைத்தால் நடப்பது என எல்லாமே மாறும்.

அமெரிக்கா தன் வீரர்களைத் தானே தேடுகிறது. அதற்கென்றே பாதுகாப்புத் துறையின் கீழ் டிபிஏஏ என்ற அமைப்பு 2015ல் ஒருங்கிணைக்கப்பட்டது. அதன் முக்கிய ஆய்வகம் ஹவாயில் உள்ளது. கண்டெடுக்கப்பட்ட வீரரை அடையாளம் கண்டு ஊருக்குக் கொண்டுபோய், குடும்பம் சொல்லும் இடத்தில் அடக்கம் செய்வார்கள். பிரிட்டனின் வழி வேறு. பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை தானாகப் போய்த் தேடுவதில்லை. எலும்பு தற்செயலாகக் கிடைத்தால் ஜேசிசிசி என்ற பிரிவு அடையாளம் காண முயலும். அடக்கம் பெரும்பாலும் அந்தந்த நாட்டிலேயே உள்ள காமன்வெல்த் போர்க் கல்லறையில் நடக்கும். ஜப்பானில் இந்தப் பொறுப்பு சுகாதார, தொழிலாளர் நல அமைச்சகத்திடம் உள்ளது. வெளிநாடுகளில் இறந்த ஜப்பானியரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் இன்னும் திரும்பவில்லை. பர்மாவிலோ மணிப்பூரிலோ உங்கள் காலில் இடறும் சிதைவு ஜப்பானிய விமானமாகவும் இருக்கலாம். அந்த விமானிக்கும் ஒரு வீடு இருந்தது, அங்கும் யாரோ காத்திருந்தார்கள். அவருக்கும் இதே அக்கறையைக் காட்டாத ஒருவரை எனக்கு இந்த வேலையில் நம்ப முடிவதில்லை.

2. கோப்புகள்: வேலையில் பெரும்பகுதி இங்கேதான்

மலையேறும் படங்களைப் பார்த்து இதில் ஆர்வம் கொள்பவர்கள் பலர். ஆனால் பெரும்பாலான விமானங்கள் முதலில் காகிதத்தில்தான் கிடைக்கின்றன. சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்தபடியே இதைச் செய்யலாம். இப்போது பல ஆவணங்கள் இணையத்தில் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன.

அமெரிக்க விமானம் என்றால் முதல் ஆவணம் 'காணாமல் போன விமானக் குழு அறிக்கை'. எம்ஏசிஆர் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1943ன் நடுப்பகுதியிலிருந்து இது கட்டாயமானது. மொத்தம் 16,000க்கும் மேல் இருக்கின்றன. புறப்பட்ட இடம், போக வேண்டிய இடம், வானிலை, கடைசியாகப் பார்த்த நேரம், விமானத்தின் வரிசை எண், ஒவ்வொரு இன்ஜினின் எண், பொருத்தப்பட்ட இயந்திரத் துப்பாக்கிகளின் எண்கள், குழுவினரின் பெயர், உறவினரின் முகவரி, நேரில் கண்டவரின் வாக்குமூலம் என எல்லாம் அதில் இருக்கும். இன்ஜின் எண்ணும் துப்பாக்கி எண்ணும் இருக்கும் பக்கத்தைத் தனியாக அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் எண் எழுதியிருக்கும் வால் முழுக்க எரிந்துபோன இடத்திலும் ஒரு துப்பாக்கி எண் எஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. 1942ல் விழுந்த விமானங்களுக்கு இந்த அறிக்கை பெரும்பாலும் இருக்காது. அவற்றுக்கு விபத்து அறிக்கைகளையும் படைப்பிரிவின் மாத வரலாற்றையும் பார்க்க வேண்டும். அவை அலபாமாவின் மாக்ஸ்வெல் தளத்தில் உள்ள விமானப்படை வரலாற்று ஆய்வு மையத்தில் இருக்கின்றன.

இரண்டாவது ஆவணம் 'இறந்தவர் தனிக் கோப்பு'. இது ஒரு மனிதரைப் பற்றியது. பல் வரைபடம், உயரம், பழைய எலும்பு முறிவு, போர் முடிந்து அனுப்பப்பட்ட தேடுதல் குழுவின் அறிக்கை, 'மீட்க இயலாதவர்' என்று முடிவு கட்டிய காகிதம், இவற்றுக்கு நடுவே அம்மா எழுதிய கடிதங்கள். பென்சிலில், கோடு போட்ட தாளில், 'என் மகனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா' என்று கேட்டு ஆண்டுக்கு ஒன்றாகப் போட்ட கடிதங்களைப் படித்தவர்கள் பாதியில் இந்த வேலையை விட மாட்டார்கள். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத் தீவிபத்தில் அமெரிக்கத் தரைப்படை ஊழியர் கோப்புகள் பெருமளவில் எரிந்தன. அக்கால விமானப்படை தரைப்படையின் கீழ் இருந்ததால் அவையும் போயின. ஆனால் இறந்தவர் தனிக் கோப்புகள் அந்தத் தீயில் சிக்கவில்லை. 'எல்லாம் எரிந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள்.

பிரிட்டிஷ் விமானத்துக்கு லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 என்ற வரிசையில் படைப்பிரிவுகளின் நாட்குறிப்பு உள்ளது. ஏஐஆர் 81ல் விபத்து, இழப்புக் கோப்புகள் உள்ளன. ஆஸ்திரேலியருக்கு அந்நாட்டுக் காப்பகத்தின் ஏ705 வரிசை. பலவற்றை வீட்டிலிருந்தே பக்கம் பக்கமாகப் படிக்கலாம். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை, காணாமல் போன சுமார் 42,000 பேரைத் தேட ஒரு தனிச் சேவையையே நடத்தியது. அதன் அதிகாரிகள் கிராமம் கிராமமாகப் போய் எழுதிய குறிப்புகள் இன்றும் பயன்படுகின்றன. 'இந்த இடத்தை 1947லேயே பார்த்துவிட்டார்கள்' என்பது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் அலையும் நிலை வரக்கூடாதென்றால் அவற்றைப் படித்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

படிக்கும்போது தேதியில் கவனம். அமெரிக்கர் மாதத்தை முன்னால் எழுதுவர், பிரிட்டிஷார் நாளை. 1/2/44 என்று இருந்தால் யார் எழுதியது என்று பாருங்கள்.

3. எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அமெரிக்க விமானத்தின் வரிசை எண் 42-73308 என்பதுபோல் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் எந்த நிதியாண்டில் வாங்க உத்தரவிட்டார்கள் என்பதைக் காட்டும். வாலில் எழுதும்போது முதல் இலக்கத்தை விட்டுவிட்டு 273308 என்று எழுதுவார்கள். பிரிட்டிஷ் விமானத்துக்கு ஒரு எழுத்தும் நான்கு இலக்கமும், அல்லது இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும்.

ஒரு இலக்கம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தின் மார்க்கர்மீர் ஏரிக் கதையைச் சொல்ல வேண்டும். 2008ல் ஒரு படகின் நங்கூரத்தில் விமானச் சக்கரத் தாங்கியின் துண்டு மாட்டியது. நான்கு இன்ஜின் கொண்ட ஸ்டிர்லிங் குண்டுவீச்சு விமானம் என்று தெரிந்தது. கிடைத்த தடயங்களை வைத்து அது பிகே 710 என்றே பல ஆண்டுகள் நம்பினார்கள். பிறகு அதே இடத்தில் ஒரு சிகரெட் டப்பா கிடைத்தது, அதில் ஜே.எம்.சி. என்று மூன்று முதலெழுத்துகள். பிகே 710ல் அப்படி யாரும் இல்லை. பிகே 716ல் ஜான் மைக்கேல் காம்ப்பெல் இருந்தார். 1943 மார்ச் 29 இரவு பெர்லினைத் தாக்கப் போய்த் திரும்பும் வழியில் மறைந்த 218ஆம் படைப்பிரிவின் விமானம், ஏழு பேர். 2020ல் ஏரியில் அந்த இடத்தைச் சுற்றிலும் தடுப்பு அமைத்து, சேற்றைச் சலித்து அவர்களை எடுத்தார்கள்.

ஒரே ஒரு தடயத்தை வைத்து விமானத்துக்குப் பெயர் சூட்டாதீர்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு தடயமாவது ஒரே விமானத்தைக் காட்ட வேண்டும். சிறு பாகங்களில் அச்சிட்டிருக்கும் எண்கள் பெரும்பாலும் பாகத்தின் வடிவமைப்பு எண்கள். அவற்றால் விமானத்தின் வகை தெரியும், எந்த விமானம் என்று தெரியாது. இன்ஜின் தகடும் துப்பாக்கி எண்ணும் வேறு ரகம். அவை ஒரு விமானத்துக்கு மட்டுமே பொருந்தும்.

4. வரைபடத்தில் ஒரு பரப்பை வரையுங்கள்

அறிக்கையில் கொடுத்திருக்கும் இடத்தில் விமானம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அது கடைசியாக வானொலியில் பேசிய இடமாக இருக்கும், அல்லது பக்கத்தில் பறந்தவர் மேகத்துக்கு மேலிருந்து ஊகித்த இடமாக இருக்கும். அட்சரேகையில் ஒரு நிமிடப் பிழை என்றால் தரையில் 1.85 கிலோமீட்டர். அருணாச்சலத்தில் அந்த 1.85 கிலோமீட்டருக்குள் ஒரு மலையும் ஒரு பள்ளத்தாக்கும் வந்துவிடும்.

நேரமும் ஏமாற்றும். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டிருந்தன. கிரீன்விச்சைவிட ஆறரை மணி நேரம் முன்னால். ஒரு அறிக்கை கிரீன்விச் நேரத்திலும், இன்னொன்று இந்தியப் போர்க்கால நேரத்திலும், மூன்றாவது சீன நேரத்திலும் எழுதப்பட்டிருக்கும். இன்றைய ஐந்தரை மணி நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் தவறும். சி-47 ரகச் சரக்கு விமானம் அந்த ஒரு மணியில் சுமார் 250 கிலோமீட்டர் போயிருக்கும். எல்லா நேரத்தையும் முதலில் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றி ஒரே தாளில் எழுதிவிடுங்கள்.

பிறகு பழைய ராணுவ வரைபடங்களைத் தேடி எடுங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வரைபடத் தொகுப்பில் பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஊர்ப் பெயர்கள் மாறியிருக்கும், சில ஊர்களே இடம் மாறியிருக்கும். பாதை, வேகம், எதிர்க்காற்று, மிச்சமிருந்த பெட்ரோல் இவற்றை வைத்து விமானம் விழுந்திருக்கக்கூடிய பரப்பைக் கோடு போட்டு அடையுங்கள். அதன் பிறகுதான் மலையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

5. ஊர் மக்களிடம் கேளுங்கள். கேட்கும் விதம் முக்கியம்

அருணாச்சலத்தில் விமானம் விழுந்த இடம் ஏதோ ஒரு வேட்டைக்காரருக்குத் தெரிந்திருக்கும். ஆதி, மிஷ்மி மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் காடுகளில் நடப்பவர்கள். கூல்ஸ் கண்டுபிடித்தவற்றிலும் வழிகாட்டியது உள்ளூர் வேட்டைக்காரர்களின் நினைவுதான். அலுமினியத் தகடுகள் மலையிலிருந்து இறங்கி வீட்டில் பாத்திரமாகவும், வெட்டுக்கத்தியின் உறையாகவும், கூரைத் துண்டாகவும் வாழ்கின்றன. ஒரு வீட்டில் ரிவெட் அடித்த தகடு ஒன்றைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது நூறு பக்கக் கோப்பைவிடப் பயன் தரும்.

ஆனால், 'இங்கே நான்கு இன்ஜின் விமானம் விழுந்ததா?' என்று கேட்காதீர்கள். விருந்தாளியின் மனம் கோணக் கூடாது என்று 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். 'காட்டில் இரும்பு எதையாவது பார்த்திருக்கிறீர்களா? எத்தனை நாள் நடை? எந்த ஓடைக்கு மேலே? யார் முதலில் பார்த்தது?' என்று கேளுங்கள். பெரியவர் சொல்வதை அவர் மொழியிலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள், அவர் சம்மதத்தோடு. பொருளுக்கு விலை பேசாதீர்கள். வெளியூர்க்காரர் பழைய துண்டுக்குப் பணம் கொடுக்கிறார் என்று செய்தி பரவினால் அடுத்த மாதமே அந்த இடத்தில் எண் தகடு ஒன்றுகூட மிஞ்சாது. வழிகாட்டிக்கும் சுமை தூக்குபவருக்கும் நியாயமான கூலி கொடுங்கள். ஊர்ப் பெரியவரிடம் அனுமதி கேட்டுவிட்டே மேலே போங்கள். சில இடங்களில் அந்த மலையே வழிபாட்டுக்குரியதாக இருக்கும். போகாதீர்கள் என்றால் போகக் கூடாது.

அரசு அனுமதி தனி. வெளி மாநில இந்தியருக்கு அருணாச்சலத்தில் நுழைய இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். வெளிநாட்டவருக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதி வேண்டும். சாட்டிலைட் போன் இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருந்தாலே வழக்கு. வெளிநாட்டு மலையேற்றக்காரர்கள் கைதாகியிருக்கிறார்கள். எல்லைப் பகுதியில் டிரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் போகவே வேண்டாம்.

6. இடத்தை அடைந்ததும்

முதலில் நில்லுங்கள். யாரையும் பரவலாக நடக்க விடாதீர்கள். பி-24 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தில் பத்து பாயிண்ட் 50 (அரை அங்குல) இயந்திரத் துப்பாக்கிகளும் அவற்றுக்கான தோட்டாக்களும் இருந்தன. குண்டுவீச்சு விமானம் என்றால் குண்டும் இருக்கலாம். எண்பது ஆண்டு மண்ணில் கிடந்ததால் அது செத்துவிட்டது என்று பொருளில்லை. இருட்டில் ஒளிரும் பழைய மீட்டர்களில் ரேடியம் பூச்சு உண்டு. எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பிறகு பதிவு. ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறியுங்கள். எந்த ஆயமுறையில் (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) என்பதையும் எழுதுங்கள், பொதுவாக டபிள்யூஜிஎஸ் 84. தூரத்திலிருந்து நான்கு திசைப் படம், பிறகு ஒவ்வொரு பெரிய துண்டும், பிறகு ஒவ்வொரு எண்ணும். படத்தில் ஒரு அளவுகோல் இருக்க வேண்டும். எண் தெளிவாக இல்லையென்றால் சுரண்டாதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பதிந்த எழுத்து நிழலோடு எழும்பி வரும். இறக்கை எங்கே, வால் எங்கே, இன்ஜின்கள் எங்கே உருண்டிருக்கின்றன என்று கையால் ஒரு வரைபடம் போடுங்கள். விமானிகள் இருந்த முன்பகுதி எந்தச் சரிவில் முடிகிறது என்பதுதான் தோண்ட வருபவருக்கு முதலில் வேண்டிய செய்தி.

எலும்பைப் பார்த்தால் இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள். தொடாதீர்கள், புதைக்காதீர்கள், துணியில் சுற்றி எடுத்து வராதீர்கள். உள்ளூர் காவல் நிலையத்திலும் மாவட்ட நிர்வாகத்திலும் தெரிவியுங்கள்.

இப்போது முன்பு சொன்ன விதிக்கு வருகிறேன். ஒரு விமானத்தில் எட்டுப் பேர் இருந்தால், எந்த எலும்பு எந்த இருக்கையருகே கிடந்தது என்பது ஒரு சாட்சி. நல்ல மனதோடு ஒருவர் எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பெட்டியில் வைத்தால், அந்தச் சாட்சி போய்விடும். ஆய்வுக் குழு வந்தால் சதுரம் சதுரமாகக் கயிறு கட்டி, மண்ணை அடுக்கடுக்காக எடுத்து, சுமார் ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலிக்கும். ஒரு பல், ஒரு பட்டன், ஒரு விரலெலும்பு அப்படித்தான் கிடைக்கும். தேடல்காரர் அங்கே கால் வைத்துக் கிளறினால் பல்லை மண்ணுக்குள் மிதித்துவிடுவார்.

சட்டமும் உண்டு. பிரிட்டனில் 1986ஆம் ஆண்டின் ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, விழுந்த ராணுவ விமானத்தை உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். கடலில் மூழ்கிய அமெரிக்க ராணுவ விமானங்களைப் பாதுகாக்கவும் 2004ல் ஒரு சட்டம் வந்தது.

7. நீருக்கடியில் என்றால்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கருவியும் பயிற்சியும் இல்லாமல் யாரும் செய்யக் கூடாத பகுதி. பப்புவா நியூ கினியின் ஹன்சா விரிகுடாவில் 1944 மார்ச் 11 அன்று சுட்டு வீழ்த்தப்பட்ட 'ஹெவன் கேன் வெய்ட்' என்ற பி-24ல் பதினோரு பேர் இருந்தார்கள். குழுவில் ஒருவரின் உறவினர்கள் 2013ல் கோப்புகளைத் தோண்டத் தொடங்கி, நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்களை அடுக்கி, தேட வேண்டிய பரப்பைக் குறுக்கினார்கள். அதை வைத்து 2017ல் பிராஜெக்ட் ரெகவர் குழு சோனார் கருவியால் கடலடியில் விமானத்தைக் கண்டது. ஆழம் 200 அடிக்கு மேல். 2023ல் அமெரிக்கக் கடற்படை முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். அடுத்த ஆண்டில் நான்கு பேர் அடையாளம் காணப்பட்டனர். குடும்பம் கோப்பு படித்தது, விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள், அரசு எடுத்தது. மூவரும் அவரவர் வேலையைச் செய்ததால் நடந்தது.

கடலடித் தேடல் எவ்வளவு கடினம் என்பது நமக்கும் தெரியும். 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்டு 29 பேரோடு மறைந்த ஏஎன்-32 விமானத்தின் சிதைவை, பள்ளிக்கரணை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில்தான், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில், அடையாளம் கண்டதாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். அது போர்க்கால விமானம் இல்லை. ஆனால் ஏழரை ஆண்டு காத்திருந்த அந்த வீடுகளை நினைத்தால், எண்பது ஆண்டுக் காத்திருப்பு என்பது எப்படிப்பட்டது என்று புரியும்.

8. அறிக்கை, அதன் பிறகு நீண்ட காத்திருப்பு

அறிக்கையில் நீங்கள் கண்டதையும் ஊகித்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். 'இன்ஜின் தகடு எண் இது' என்பது கண்டது. 'ஆகவே இது இன்ன விமானம்' என்பது ஊகம். படங்களின் மூலக் கோப்புகளையும் சேர்த்து அனுப்புங்கள். அமெரிக்க விமானம் என்றால் டிபிஏஏவுக்கு, பிரிட்டிஷ் என்றால் ஜேசிசிசிக்கு. துல்லியமான இடத்தை இணையத்தில் போடாதீர்கள். பழைய இரும்பு வியாபாரியும் நினைவுப்பொருள் சேகரிப்பவரும் அதைப் படிப்பார்கள்.

எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு 'ஹாட் ஆஸ் ஹெல்' என்ற பி-24ஐப் பாருங்கள். 1944 ஜனவரி 25 அன்று குன்மிங்கிலிருந்து சாபுவாவுக்குத் திரும்பும்போது எட்டுப் பேரோடு மறைந்தது. 2006ல் அப்பர் சியாங் மாவட்டத்தில் தம்ரோ அருகே கூல்ஸ் அதைக் கண்டார். 2008, 2009ல் அமெரிக்கக் குழு வந்து பார்த்தது. தோண்டியது 2015ல். 2016 ஏப்ரலில் டெல்லியிலிருந்து எச்சங்கள் அனுப்பப்பட்டன. 2017ல் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற லெப்டினன்ட் ஜார்ஜியா மாநிலத்தின் கன்கார்டு ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். கண்டுபிடித்த நாளிலிருந்து பதினோரு ஆண்டுகளுக்குள் பெயர் கிடைத்தது எட்டில் ஒருவருக்கு.

மலேசியாவிலும் இப்படித்தான். ஜப்பான் சரணடைந்து ஒரு வாரத்துக்குப் பிறகு, 1945 ஆகஸ்ட் 23ல், இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவிலிருந்து, காட்டுக்குள் இருந்த ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படையினருக்குப் பொருள் போடப் போன பிரிட்டிஷ் லிபரேட்டர் (பி-24க்கு பிரிட்டிஷார் வைத்த பெயர்) கேஎல் 654, நெகிரி செம்பிலான் மலையில் மோதியது. சிதைவு 1991ல் தெரியவந்தது, 2009ல் தோண்டினார்கள், 2012 அக்டோபரில் எட்டுப் பேரும் கோலாலம்பூர் செராஸ் சாலைப் போர்க் கல்லறையில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டார்கள்.

9. குடும்பத்திடம் நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்

எனக்கு மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியிருப்பது இதுதான். சிதைவு கிடைத்த மகிழ்ச்சியில் வீரரின் மருமகளையோ தங்கை மகனையோ இணையத்தில் தேடிப் பிடித்து 'உங்கள் மாமாவைக் கண்டுபிடித்துவிட்டோம்' என்று எழுதிவிடுகிறார்கள். கண்டது விமானத்தை, மனிதரை இல்லை. விமானமே வேறாக இருக்கலாம் என்பதை மார்க்கர்மீர் ஏரியில் பார்த்தோம். அந்த வீட்டில் மறுபடியும் ஒரு சாவு விழும், பிறகு 'தவறாகச் சொல்லிவிட்டோம்' என்று இன்னொரு முறை விழும். உறுதிப்படுத்திச் சொல்லும் பொறுப்பு அந்தந்த நாட்டு அமைப்புக்கு உரியது.

உறவினரே உங்களைத் தேடி வந்தால், ஒன்று சொல்லலாம்: டிஎன்ஏ மாதிரி கொடுக்கச் சொல்லுங்கள். பழைய எலும்பில் எளிதில் கிடைப்பது தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. ஆகவே வீரரின் சகோதரி, சகோதரியின் பிள்ளைகள், அந்தப் பெண் பிள்ளைகளின் பிள்ளைகள் என்று போகும் வழிதான் பயன்படும். வீரரின் சொந்த மகனின் மாதிரி அந்தச் சோதனைக்கு உதவாது. அமெரிக்க வீரர்களுக்கு இதை டெலவேரின் டோவரில் உள்ள ராணுவ டிஎன்ஏ ஆய்வகம் செய்கிறது. தாய்வழிக் கொடியில் உயிரோடு இருக்கும் ஒருவரைப் பழைய மக்கள்தொகைப் பதிவுகளிலும் இரங்கல் விளம்பரங்களிலும் தேடிக் கண்டுபிடிப்பதே தன்னார்வலர் செய்யக்கூடிய பெரிய உதவி. கண்டுபிடித்த பெயரை அமைப்பிடம் கொடுங்கள்; தொடர்பு கொள்வதை அவர்களே செய்யட்டும்.

10. மலையேற முடியாதவர்களுக்கு: பெயரில்லாக் கல்லறைகள்

காணாமல் போனவர்களில் ஒரு பகுதியினர் காணாமல் போகவே இல்லை. அவர்கள் எடுக்கப்பட்டு, பெயர் தெரியாமல் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லறைகளில் அப்படிப்பட்டவர்களுக்கு எக்ஸ் எண் கொடுத்து ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வைத்திருக்கிறார்கள். டிபிஏஏ அவற்றை ஆராய்ந்து, தகுந்த சான்று இருந்தால் தோண்டி எடுத்து மறுபடி சோதிக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமும் பொதுமக்கள் அனுப்பும் சான்றுகளை ஏற்று, பெயரில்லாக் கல்லுக்குப் பெயர் சேர்க்கும் வழக்குகளைப் பரிசீலிக்கிறது.

அப்படி ஒரு வழக்கை எழுதுவதற்கு, 'இவராக இருக்கலாம்' என்று காட்டினால் போதாது. வேறு யாராகவும் இருக்க முடியாது என்று காட்ட வேண்டும். கல்லில் 'விமானப்படை சார்ஜென்ட், இந்தத் தேதி' என்று மட்டும் இருந்தால், அந்தத் தேதியையொட்டி அந்தப் பகுதியில் காணாமல் போன ஒவ்வொரு சார்ஜென்ட்டையும் பட்டியலிட்டு, ஒவ்வொருவரையும் காரணத்தோடு நீக்கிக்கொண்டே வர வேண்டும். எலும்பு முதலில் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்லும் இடமாற்றப் பதிவுகள் ஆணையத்தின் தளத்திலேயே பல கல்லறைகளுக்கு உள்ளன. அதில் உள்ள வரைபடக் குறியீட்டை விமானம் விழுந்த இடத்தோடு பொருத்துங்கள். பட்டியலில் கடைசியில் இரண்டு பெயர் மிஞ்சினால் அனுப்பாதீர்கள். அந்த இரண்டாவது பெயரை நீக்கும் ஆவணம் எந்தக் காப்பகத்தில் இருக்கும் என்று யோசித்து, அதைத் தேடத் தொடங்குங்கள்.